நொறுக்குத் தீனியும் நொந்த வயிறும்

"வயிறு சரியில்லை" என்ற சொல்லைக் கேட்காமல் நம் வகுப்பறையில் ஒரு வாரம் கழிந்ததுண்டா? ஒருவனுக்கு நெஞ்செரிச்சல், ஒருத்திக்கு உப்புசம், வேறொருவனுக்கு மூன்று நாளாய் மலச்சிக்கல். பேருந்து நிலையத்து மருந்துக்கடையில் ஜெலுசிலும் ஈனோவும் ஓமத் தண்ணீரும் விற்பதைப் பார்த்தால், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையிலுள்ள இந்த வானம் பார்த்த பூமியில் மழை குறைந்தாலும் வாயு குறைவதில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது.

நான் மருத்துவன் அல்லன். வேதியியல் பயிலும் மாணவன். இரண்டு ஆண்டுகளாக நெஞ்செரிச்சலோடும் வாயுத் தொல்லையோடும் குடித்தனம் நடத்துகிறவன். அந்த உரிமையில் என் கருத்தைச் சொல்கிறேன். வயிற்றுக் கோளாறு உள்ளவனுக்கு நாம் தருவதெல்லாம் தடைப் பட்டியல்களே. அத்தை ஒரு பட்டியல் தருவார். பக்கத்து வீட்டுத் தாத்தா இன்னொன்று தருவார். இரண்டையும் கடைப்பிடித்தால் தண்ணீர் மட்டுமே மிஞ்சும். எதைத் தின்னக்கூடாது என்று கேட்பதை விட்டு, எதை, எவ்வளவு, எப்போது தின்னலாம் என்று கேட்பதே அறிவுடைமை. அந்தக் கேள்வியை மூன்று வேளைச் சாப்பாட்டிலிருந்து தொடங்குவதைவிட, இடையில் கொறிக்கும் தீனியிலிருந்து தொடங்குவது எளிது. சாப்பாடு வீட்டார் கையில் இருக்கிறது. தீனியோ நம் கையில் இருக்கிறது.

மாறிய தட்டு

நம் தாத்தா பாட்டிகள் கம்பங்கூழும் சோளச்சோறும் குதிரைவாலிச் சோறும் உண்டவர்கள். அவர்கள் கொறித்தவை அவித்த நிலக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு. தை மாதத்தில் பனங்கிழங்கு. சித்திரை வெயிலில் நுங்கு. 2008இல் நியாயவிலைக் கடை அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 முதல் விலையின்றிக் கிடைக்கிறது. மழை பொய்த்தால் கஞ்சிக்கும் வழியில்லாதிருந்த மண்ணில் பசியை விரட்டிய அந்த அரிசியை நான் குறை கூற மாட்டேன். ஆனால் சோறு மாறியபோது தீனியும் மாறியது. தென்மேற்கே சாத்தூர்க் காராச்சேவு, வடமேற்கே விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா என்று புகழ் பெற்ற பண்டங்களுக்கு நடுவில் வாழ்கிறோம். முன்பு திருவிழாவுக்கு வாங்கிய சேவு இன்று ஐந்து ரூபாய்ப் பொட்டலமாய்ப் பெட்டிக்கடையில் சரம் சரமாய்த் தொங்குகிறது. விருந்து அன்றாட உணவானால் வயிறு என்ன செய்யும்?

மிளகாய் மீது வீண்பழி

வயிற்றில் எரிச்சல் என்றதும் நாம் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது மிளகாயை. இந்தப் பகுதியில் விளைந்து களத்தில் காய்ந்து நமக்குப் படிப்புச் செலவு தரும் அதே வத்தல்தான்! உண்மை என்ன? ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 1982இல் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரைக் கண்டறிந்தனர். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. உலகம் நம்ப மறுத்தபோது, 1984இல் மார்ஷல் அந்த நுண்ணுயிர்க் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கிருமி, அல்லது நாம் அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகள். புண் உள்ள இடத்தில் காரம் எரியும். ஆனால் புண்ணை உண்டாக்கியது காரம் அன்று.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்து நெய்பவரும், குனிந்து களை எடுப்பவரும் இடுப்பு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுத் தேநீரை ஊற்றிக்கொள்கிறார்கள். வயிறு எரிந்தால் வத்தலைக் குறைக்கிறார்கள், மாத்திரையைக் குறைப்பதில்லை. கிருமி என்றால் மருத்துவர் தரும் மருந்தை முழு நாளும் உண்டால் தீரும். பத்தியம் மட்டும் இருந்தால் தீராது.

வாயு பிறக்கும் இடம்

வாயுத் தொல்லைக்கு வேதியியல் தரும் விளக்கம் எளிது. கடலை, மொச்சை, கொண்டைக்கடலை போன்றவற்றில் உள்ள சில சர்க்கரைகளைச் சிதைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயுவை வெளியிடுகின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலும் இத்தகைய பொருள்கள் உண்டு. பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் நம்மில் பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் இவற்றையெல்லாம் ஒரு தொகுதியாக்கி 'ஃபாட்மேப்' என்று பெயரிட்டனர். சில வாரங்கள் இவற்றைக் குறைத்து, பின் ஒவ்வொன்றாய்த் திரும்பச் சேர்த்து, எது தனக்கு ஆகவில்லை என்று அறிவதே அவர்கள் வகுத்த முறை. எல்லாவற்றையும் என்றென்றைக்கும் விலக்குவது அவர்கள் நோக்கமன்று.

இப்போது காராச்சேவைப் பாருங்கள். கடலை மாவு, பூண்டு, எண்ணெய்! உப்புசக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான எதிரி உண்டோ? பொரித்த பண்டத்தின் கொழுப்பு இரைப்பையை விட்டு நகர நேரமாகும். அதனால் நெஞ்செரிச்சலும் கூடும். போதாக்குறைக்கு மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய். பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நம் நாட்டில் உண்டு. அதை அளந்து பார்க்க வடைச் சட்டிக்கு அருகில் யார் நிற்கிறார்கள்? கறுத்து, நுரைத்து, நெடியடிக்கும் எண்ணெயைக் கண்டால் விலகி நடப்பதே நம் ஆய்வுக்கூடம்.

குறிப்பேட்டின் தீர்ப்பு

மருத்துவர் ஒருவர் சொன்னபடி இரண்டு வாரம் ஒரு குறிப்பேடு எழுதினேன். தின்றது, தின்ற நேரம், வயிறு சொன்ன பதில் என மூன்றே பத்திகள். பருப்பு வடை இரண்டு தின்ற இரவு வயிறு உப்பியது. ஒன்றோடு நிறுத்திய இரவு உப்பவில்லை. அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி ஒத்துக்கொண்டது. கொண்டைக்கடலைச் சுண்டல் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் வயிற்றில் குடித்த பால் தேநீர் நெஞ்சைக் கரித்தது. இரண்டு இட்லிக்குப் பின் குடித்த அதே தேநீர் வாளாவிருந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவனும் இதுபோல் எழுதிப் பார்த்தான். அவனுக்குச் சுண்டல் ஆகிறது, நிலக்கடலை ஆகவில்லை! ஆகவேதான் சொல்கிறேன்: ஊருக்கெல்லாம் ஒரே பத்தியம் பொருந்தாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்தை ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்பது எப்படித் தெரியும்?

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. முன் உண்டது செரித்ததா, உண்ணும் அளவு சரியா என்பவையே அங்கே பெரிதும் பேசப்படுகின்றன. அளவும் நேரமும்தான் முதல் மருந்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எவருக்கு எது?

நெஞ்செரிச்சல் உள்ளவர் சிறிது சிறிதாய் உண்பது நல்லது. இட்லி, அவல், பொரி போன்றவை பொரித்த பண்டங்களைவிட மேல். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடிக்க வேண்டும். இரவு பத்து மணிப் பரோட்டாவுக்கு மாற்று மருந்து இல்லை.

உப்புசம் உள்ளவருக்கு அரிசி நண்பன். பொரி, அவல், இடியாப்பம், வெள்ளரிக்காய், சீரகம் தட்டிப்போட்ட நீர்மோர் ஆகியவை பலருக்கும் ஒத்துப்போகும். பயறு வேண்டுமென்றால் இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நன்றாய் வேகவைத்துச் சிறிதளவு உண்டு பார்க்கலாம்.

மலச்சிக்கல் உள்ளவருக்கு நம் மண்ணின் பண்டங்களே கைகொடுக்கும். பனங்கிழங்கு, கொய்யா, கம்பு, குதிரைவாலி எல்லாம் நார் மிகுந்தவை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் குதிரைவாலியில் நார் 9.8 கிராம், தீட்டிய அரிசியில் 0.2 கிராம். ஆனால் நாரை மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். தண்ணீரையும் உடன் கூட்ட வேண்டும். தண்ணீரில்லாத நார் அடைப்பையே தரும்.

வயிற்றுப்போக்கின்போது சிறுதானியச் சோதனை வேண்டாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமுமே உற்ற துணை.

சர்வரோக நிவாரணியா?

இந்தியாவின் முன்மொழிவை ஏற்று 2023ஐச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. மகிழ்ச்சியே. ஆயினும் நரிக்குடிப் பக்கத்துப் புன்செயில் விளைந்த குதிரைவாலி, தவிடு நீங்கத் தீட்டப்பட்டு, மைதாவும் சர்க்கரையும் சேர்ந்து, 'சிறுதானிய பிஸ்கட்' என்று பளபளக்கும் உறையில் நம் ஊருக்கே திரும்பி வருகிறது. உறையின் முகப்பைப் படிக்காதீர்கள். பின்புறம் சிறு எழுத்தில் உள்ள பொருள்களின் வரிசையைப் படியுங்கள். முதலில் எழுதியிருப்பதே அதிகம் சேர்ந்திருப்பது. மைதா முதலில் இருந்தால் அது மைதா பிஸ்கட்தான்.

வயிற்றுக்கு வெளியே உள்ள காரணங்கள்

இவ்வளவும் தனி மனிதன் செய்யத்தக்கவை. ஆனால் எல்லாப் பழியையும் அவன் நாக்கின் மேல் சுமத்துவது நியாயமன்று. பந்தல்குடி, ம. ரெட்டியபட்டி, நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வரும் மாணவர் பலர் உண்ணாமலே வருகிறார்கள். பதினோரு மணிக்கு அவர்களுக்குக் கிடைப்பது தேநீரும் வடையும். தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. கல்லூரிக்கு வந்ததும் பசி விடைபெற்றுக்கொள்கிறதா என்ன?

இன்னொன்றையும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். கழிப்பறை தூய்மையாயிராத இடங்களில் பயிலும் மாணவியர் காலையிலிருந்து மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களுக்கு வரும் மலச்சிக்கலையும் நீர்க்கடுப்பையும் எந்தக் குதிரைவாலி தீர்க்கும்? தூய கழிப்பறையும் நல்ல குடிநீரும்கூடச் செரிமான மருந்துகளே.

எனவே மாணவர் பேரவைகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, சிற்றுண்டிச்சாலையில் பொரித்தவற்றோடு அவித்த பண்டம் ஒன்றும் ஒரு பானை நீர்மோரும் நாள்தோறும் இருக்கட்டும். வடையை ஒழிக்கச் சொல்லவில்லை. வடைக்கு ஒரு போட்டி வேண்டும் என்கிறேன். இரண்டு, முதல் பாடவேளை முடிந்ததும் பத்து நிமிடம் உண்ண இடைவேளை தரும்படி ஆசிரியப் பெருமக்களிடம் கேட்போம். மூன்று, கழிப்பறைத் தூய்மையை ஆண்டு விழாச் செலவுக்கு முன் வைத்துப் பேசுவோம்.

எச்சரிக்கை ஒன்று

தீனியை மாற்றிக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. காரணமின்றி உடல் மெலிதல், மலத்தில் இரத்தம், தார்போல் கறுத்த மலம், விழுங்குவதில் தடை, ஓயாத வாந்தி ஆகியவற்றில் எது தோன்றினாலும் குறிப்பேட்டை மூடிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அருப்புக்கோட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் 'வாயுதான்' என்று சொல்லிச் சொல்லியே பல மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது படித்த பிள்ளைகளின் கடமை.

நண்பர்களே! நாக்குக்கும் வயிற்றுக்கும் நடக்கும் வழக்கில் இதுவரை நாக்கின் பக்கமே தீர்ப்பு எழுதி வந்தோம். இனி இரு தரப்பையும் கேட்போம். ஒரு குறிப்பேடு, ஒரு கைப்பிடி அளவு, ஒரு நேர ஒழுங்கு: இவற்றுக்குக் காசு செலவில்லை. அவித்த பண்டமும் நீர்மோரும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். தின்பதற்கு மட்டுமா வாய்? கேட்பதற்கும் அதுதானே!