கைதட்டி வாங்கியதல்ல சமத்துவம்

விடுதலையையும் சமத்துவத்தையும் மாபெரும் பேச்சாளர்கள் பேசிப் பெற்றுத் தந்தார்கள் என்றொரு நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26, புதுவை மாநிலத்துக்கே உரிய நவம்பர் 1 என்று எந்த நாளில் பேச்சுப்போட்டி வைத்தாலும் லிங்கனும் மார்ட்டின் லூதர் கிங்கும் மேடையேறிவிடுகிறார்கள். கெட்டிஸ்பர்க் உரையின் கடைசி வரியையும் கிங்கின் கனவையும் பிள்ளைகள் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிக்கிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். பிள்ளைகள் மீது குறையில்லை. லிங்கன் பேசியதால் அடிமைத்தளை அறுந்தது, கிங் பேசியதால் நிறவெறி வீழ்ந்தது என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அந்தப் பாடம்தான் பிழை. காரைக்கால் கரையிலுள்ள பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்கள் இந்தப் பிழைக்குக் கொடுக்கிற விலை அதிகம்.

மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய தாமஸ் ஜெபர்சன், தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தார். மிகச் சிலரைத் தவிர எவரையும் அவர் விடுவிக்கவில்லை. அந்தப் பிரகடனம் வெளியாகி 76 ஆண்டுகள் கழித்து, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், ராச்செஸ்டர் நகரில் 1852 ஜூலை 5 அன்று மேடையேறினார். உங்கள் சுதந்திர நாளில் அடிமைக்கு என்ன இருக்கிறது என்று கூடியிருந்தவர்களின் முகத்துக்கு நேரே கேட்டார்.

லிங்கன் கெட்டிஸ்பர்க்கில் பேசியது 1863 நவம்பர் 19. இரண்டு மூன்று நிமிடப் பேச்சு. அதற்கு முன்பே ஆயிரமாயிரம் அடிமைகள் தோட்டங்களை விட்டு ஓடி, வடக்கு ராணுவத்தின் முகாம்களில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். உள்நாட்டுப் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்கள் அந்த ராணுவத்தில் சேர்ந்திருந்தார்கள். அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தனை பேர் உயிரைக் கொடுத்து வாங்கியதை ஒரு மூன்று நிமிடப் பேச்சின் பெயரில் வரவு வைப்பது, ஓடியவர்களுக்கும் போரிட்டவர்களுக்கும் செய்கிற துரோகம்.

கிங்குக்கு நாம் இழைக்கும் அநீதி இன்னும் பெரிது. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை லட்சம் பேர் கூடியது கனவு கேட்பதற்காக அல்ல. வேலைக்காகவும் விடுதலைக்காகவும் என்றே அந்தப் பேரணிக்குப் பெயர் வைத்திருந்தார்கள். மணிக்கு இரண்டு டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. கிங்கின் உரையும் கணக்குக் கேட்டுத்தான் தொடங்குகிறது. கறுப்பர்களுக்கு அமெரிக்கா கொடுத்த காசோலை பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது, அதை மாற்றிக்கொள்ளத்தான் வந்திருக்கிறோம் என்றார். இந்தப் பகுதியை எந்தப் பேச்சுப்போட்டியிலும் நான் கேட்டதில்லை. கடனைக் கேட்ட மனிதரைக் கனவு கண்ட மனிதராக மட்டும் சுருக்கி வைத்திருக்கிறோம்.

அந்த மேடைக்குப் பின்னால் மாண்ட்கமரி நகரம் இருக்கிறது. 1955 டிசம்பரில், பேருந்தில் இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதான இரவு, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடிய உட்கார்ந்து ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை உருட்டச்சில் எடுத்து ஊரெங்கும் சேர்த்தார். பிறகு 381 நாட்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் கால்கடுக்க நடந்தே போய் வந்தார்கள். கிங் என்ற பேச்சாளரை உருவாக்கியது அந்த நடைதான். அப்படியிருந்தும் வாஷிங்டன் மேடையின் முதன்மைப் பேச்சாளர் வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. டெய்ஸி பேட்ஸ் என்ற போராளி சில வாக்கியங்கள் பேச முடிந்ததோடு சரி. சமத்துவத்தைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற மேடையே பாதிப் பேருக்கு இடம் தரவில்லை. உரை முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பர்மிங்காமில் தேவாலயத்துக்குக் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965இல், செல்மா பாலத்தில் மக்கள் அடிபட்ட பிறகு.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் காரைக்காலை ஆண்டது, சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் பொறித்து வைத்த நாடு. 1848 ஏப்ரல் 27 அன்று பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. ஆணையின் மை காய்வதற்குள் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற பெயரில் தமிழர்களைக் கப்பலேற்றினார்கள். 1853இல் மார்த்தினிக் தீவில் முதல் கப்பல் கரைசேர்ந்தது. குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் போனார்கள். அவர்கள் கால் வைத்த மண்ணிலும் அதே மூன்று சொற்கள் இருந்தன. சொற்கள் அவர்களைக் காப்பாற்றவில்லை.

காப்பாற்றியது வழக்கு. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வம்சாவளியினருக்கு வாக்குரிமை இல்லை என்று சொன்ன காலனி நிர்வாகத்தை எதிர்த்து 1904இல் சட்டப்போராட்டம் தொடங்கினார். குடியுரிமை உறுதியானது 1923இல். பத்தொன்பது ஆண்டுகள் மனுவும் வாதமுமாகப் போராடிய அந்தத் தமிழரின் பெயர், ஒப்பந்தத் தமிழர்கள் கப்பலேறிய இந்தக் கரையில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

நம் மண்ணிலும் அப்படித்தான். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அப்போது பாரிசில் ஆட்சியில் இருந்ததும் தொழிலாளர் பெயரைச் சொல்லி வந்த மக்கள் முன்னணி அரசுதான். வ. சுப்பையா போன்றவர்கள் கட்டிய சங்கமும் அந்தப் பன்னிரண்டு உயிர்களும் சேர்ந்துதான் எட்டு மணி நேர வேலையை அடுத்த ஆண்டு சட்டமாக்கின.

இனி பட்டினச்சேரிக்கு வருகிறேன். மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். பத்மினி நாச்சியார் எங்கள் குலத்துப் பெண், ஆகவே பெருமாள் எங்கள் மாப்பிள்ளை என்று சொல்லிப் பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தோளில் சுமக்கிறார்கள். நீங்கள் எங்களுக்குச் சமம் என்று யாரும் மைக் பிடித்து அவர்களிடம் அறிவிக்கவில்லை. உறவை அவர்களே சொன்னார்கள், தோளை அவர்களே கொடுத்தார்கள், ஆண்டுதோறும் அந்த உரிமையை நிலைநாட்டுகிறார்கள். படகுத் தொழிலிலும் அப்படித்தான். மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ் செலவு கழித்து, படகுக்கும் வலைக்கும் உரியதை எடுத்துவைத்து, மிச்சத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு வைக்கிறார்கள். பங்கில் ஒரு ரூபாய் குறைந்தால் அந்த இடத்திலேயே கேள்வி வரும். சமத்துவம் என்றால் என்னவென்று அறிந்த மக்கள் இவர்கள்.

ஆனால் அந்தக் கணக்கு கூடை சுமக்கும் பெண்ணிடம் வந்ததும் நின்றுவிடுகிறது. நம் கடலோர ஊர்கள் பலவற்றில் ஊர்வரி கட்டுகிற தலைக்கட்டு என்றால் ஆண். ஊர்க்கூட்டத்தில் உட்காருபவரும் ஆண். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, பல ஊர்களில் நிவாரணப் பட்டியலே தலைக்கட்டுக் கணக்கில்தான் போட்டார்கள். கைம்பெண்களும் கணவன் விட்டுப்போன பெண்களும் அந்தப் பட்டியலில் பெயர் ஏற அலைந்தார்கள். பெண் விடுதலை பற்றி இதே கரையில் எத்தனையோ மேடைகள் முழங்கிவிட்டன. பட்டியல் மாறவில்லை.

அப்படியானால் பேச்சே வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். நல்ல பேச்சு பயந்தவனுக்குத் துணிவு தரும், சிதறிக் கிடப்பவர்களைக் கூட்டும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது அப்படிப்பட்ட பேச்சு. அரசியலில் சமத்துவமும் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வும் உள்ள முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம், அதை விரைந்து களையாவிட்டால் கட்டிய மக்களாட்சியே தகர்ந்துபோகும் என்று எச்சரித்தார். அவர் கைதட்டல் கேட்கவில்லை, கடமையைச் சொன்னார். டக்ளசும் கிங்கும் செய்தது அதையே. பெரும்பேச்சு என்பது மக்கள் எழுப்பும் கோரிக்கையின் குரல். கோரிக்கையை உதறிவிட்டுக் குரலை மட்டும் கொண்டாடினால், ஆள்பவருக்கு அதைவிட வசதி வேறில்லை. கைதட்டிக் கலைந்து போகிற கூட்டத்துக்கு யாரும் எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே பட்டினச்சேரியும் அதன் அண்டை ஊர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உண்டு. நம் தலைக்கட்டுப் பட்டியலில் கைம்பெண் பெயர் இருக்கிறதா? ஏலத்தில் மீன் எடுத்து வெயிலில் விற்று வீட்டைத் தாங்குகிறவளுக்கு ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க இடம் உண்டா? அடுத்த பேரிடரில் நிவாரணம் யார் பெயரில் வரும்? இந்தக் கேள்விகளுக்கு மேடை தேவையில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் வரி நோட்டுப் போதும். அதில் பெண்களின் பெயரை எழுதும் அதிகாரம் வாஷிங்டனிலும் இல்லை, டெல்லியிலும் இல்லை. அது ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. இந்த ஆண்டே எழுத வேண்டும்.