பதினாறரை மில்லிமீட்டர்

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனில் சிக்னலுக்குக் காத்து நிற்கும் டபிள்யூ.ஏ.பி-7 மின்சார இன்ஜினின் எடை 123 டன். நீளம், அகலம், உயரம் மூன்றையும் 160-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் எடை 160-ல் ஒரு பங்காக நிற்பதில்லை. 160-ஆல் மூன்று முறை வகுக்க வேண்டும். மிஞ்சுவது 30 கிராம். பன்னிரண்டு சக்கரங்களுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டரை கிராம். அந்த இரண்டரை கிராம் அழுத்தத்தை நம்பித்தான் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் சக்கரத்துக்கு ஏற வேண்டும். சக்கரம் வழுக்காமல் பின்னால் வரும் பெட்டிகளை இழுக்க வேண்டும். நடக்கிற காரியமா? அதனால் 'என்' ஸ்கேல் எனப்படும் 1:160 அளவு இன்ஜின்களுக்குள் உலோகக் கட்டியை அடைத்து, கணக்கில் வருவதைவிட இரண்டு மூன்று மடங்கு எடை ஏற்றியிருப்பார்கள். அளவில் அப்பழுக்கில்லாத மாடல் ஓடாது. ஓடும் மாடல் ஏதாவது ஓரிடத்தில் அளவு மீறியிருக்கும்.

குட்டி ரயில்கள் மேல் எனக்கு ஆசை வந்தது இந்த இடத்தில்தான். ஒரு பொருளைச் சின்னதாக்கும்போது அதிலுள்ள எல்லாம் ஒரே சீராகச் சின்னதாவதில்லை. எதை விடாமல் பிடித்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்று செய்கிறவர்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவில் அவர் ரயிலை எவ்வளவு நேசிக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

திருவனந்தபுரத்தில் சின்ன ரயில் என்றால் எல்லோரும் வேளியைத்தான் சொல்வார்கள். காயல் கரையில் உள்ள சுற்றுலா கிராமத்தில் 2020 நவம்பரில் தொடங்கிய அந்த ரயில் சூரிய மின்சக்தியில் ஓடும்படி செய்தது. இரண்டரை கிலோமீட்டர் பாதை, மூன்று பெட்டிகள், பழைய நீராவி இன்ஜினின் சாயல், செயற்கையாகப் புகைவிடும் ஏற்பாடு. குழந்தைகளோடு போனால் இறங்க மனம் வராது. ஆனால் அது ஸ்கேல் மாடல் அல்ல. ஏறி உட்காரும் மனிதர் முழு அளவில் இருக்கிறாரே! அவருக்கேற்ற இருக்கை வேண்டும், முழங்கால் மடக்க இடம் வேண்டும். ஆள் ஏறும் ரயில் ஓரளவுக்கு மேல் சுருங்க முடியாது. மனிதர் வெளியே நின்று குனிந்து பார்க்கும் ரயில்தான் எவ்வளவு வேண்டுமானாலும் சுருங்கும்.

எவ்வளவு? 22 எல்.ஹெச்.பி. பெட்டிகள் கோத்த ஒரு எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் நீங்கலாக 528 மீட்டர். உலகில் அதிகம் புழங்கும் ஹெச்.ஓ. ஸ்கேலில், அதாவது 1:87-ல், அது ஆறு மீட்டருக்குச் சற்று அதிகம். புனேயில் பி.எஸ்.ஜோஷி உருவாக்கி 1998-ல் மக்களுக்குத் திறந்த மினியேச்சர் ரயில் காட்சிக்கூடம் இந்த ஸ்கேலில் அமைந்ததுதான். ஒரு கூடமே இருந்தால் சரி. இரண்டு படுக்கையறை பிளாட்டில் ஆறு மீட்டருக்கு எங்கே போவது? 1960-களில் ஜெர்மனியில் ஆர்னால்டும் ஜப்பானில் காட்டோவும் பரப்பிய 'என்' ஸ்கேலில் அதே ரயில் 3.3 மீட்டர். மார்க்லின் 1972-ல் கொண்டுவந்த 'இஸட்' ஸ்கேலில், 1:220-ல், 2.4 மீட்டர். 2006-ல் டோக்கியோ பொம்மைக் கண்காட்சியில் தலைகாட்டிய 'டி' கேஜில், 1:450-ல், ஒரு சாப்பாட்டு மேசையின் நீளத்துக்குள் அடங்கிவிடும். அங்கே தண்டவாளங்களுக்கு இடையே 3 மில்லிமீட்டர்தான். நம் டபிள்யூ.ஏ.பி-7 அந்த அளவில் ஒன்றேகால் கிராம் சொச்சம். அந்த எடையில் எந்தச் சக்கரமும் பிடிக்காது என்பதால் சக்கரங்களைக் காந்தமாக்கி, எஃகுத் தண்டவாளத்தோடு ஒட்டவைத்தார்கள். புவியீர்ப்பு கைவிட்ட இடத்தில் காந்தத்தை வைத்த அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும்.

நம் ரயில்களைச் செய்ய முனைகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஹெச்.ஓ. டிராக்கின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர், ஐரோப்பாவின், அமெரிக்காவின் கேஜ். நம் அகலப் பாதையோ 1676. அதை ஒழுங்காகச் சுருக்கினால் ஹெச்.ஓ.வில் 19.3 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைப்பது பதினாறரைதான். இந்திய இன்ஜினை அதன்மேல் வைத்தால் முகப்பு விரிந்து, கால்கள் மட்டும் நெருங்கி நிற்கும். வெள்ளைக்காரர் கண்ணுக்கு அது படாது. தினமும் பிளாட்பாரத்தில் நின்று ரயில் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு உடனே உறுத்தும்.

பேட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நாகர்கோவில்காரர். பொறியியல் வரைபடம் போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இந்த உறுத்தலை அவரிடம் சொன்னபோது ஒரு பழைய அடிக்கோலை எடுத்து மேசையில் வைத்தார். "மில்லிமீட்டர்ல யோசிச்சா இது பிடிபடாது. நம்ம கேஜ் எத்தன அடி? அஞ்சரை. ஒரு அடிக்கு மூணு மில்லிமீட்டர்னு வச்சுப் பெருக்கிப் பாரும்."

ஐந்தரை மூன்று பதினாறரை. துளிகூடப் பிசகில்லை. ஒரு அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்பது 1:101.6. கடையில் கிடைக்கும் ஹெச்.ஓ. டிராக்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் ஓடும் வண்டியையும் சுற்றியுள்ள ஸ்டேஷன், மரம், மனிதர் எல்லாவற்றையும் 1:101.6-ல் செய்தால் அச்சு அசல் இந்திய அகலப் பாதை. "டிராக்க மாத்தாண்டாம், உலகத்த மாத்தும்" என்றார். பிரிட்டனில் ட்ரையாங் நிறுவனம் 1957-ல் இதே ஸ்கேலில், 12 மில்லிமீட்டர் டிராக்கில், ரயில்களை விற்றது. பத்து ஆண்டு போல ஓடி நின்றுபோனது. அதன் ஸ்கேல் நமக்கு இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ரயில்வே செய்தது இதற்கு நேர் எதிர். திருவனந்தபுரத்துக்கு 1918-ல் சாக்கை வரையிலும் 1931-ல் தம்பானூர் வரையிலும் வந்தது மீட்டர் கேஜ். ஸ்டேஷனும் ஊரும் அப்படியே இருக்க, 1976-ல் தண்டவாளம் மட்டும் அகன்றது. 1000 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1676.

ஒரு ஸ்கேலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கணக்கு எளிது. 1:87-ல் போட்ட வரைபடம் கையில் இருந்தால் ஜெராக்ஸ் கடையில் 54 சதவீதம் என்று சொன்னால் 'என்' ஸ்கேல் வந்துவிடும். 86 சதவீதம் என்றால் நம் மூன்று மில்லிமீட்டர். வினை அதற்குப் பிறகுதான். கோடு சுருங்கும், கத்தி சுருங்காது. நண்பர் பெட்டியின் பக்கச்சுவருக்குக் கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு வாங்கிவைத்திருக்கிறார். 'என்' ஸ்கேலில் அது நாலு சென்டிமீட்டர் கனம், ஏற்றுக்கொள்ளலாம். 'டி'யில் அதே தகடு பதினொரு சென்டிமீட்டர் சுவராகிவிடும், ஜன்னல் கோட்டை மதிலில் விட்ட ஓட்டைபோல இருக்கும். படிக்கட்டுக் கைப்பிடிக்கு அவர் கிடாரின் மெல்லிய கம்பியை வெட்டி வளைக்கிறார். கம்பியைப் பற்ற முனை மழுங்கிய குறடு. வளைத்ததை ஓரடி தள்ளிவைத்துப் பார்ப்பார். பூதக்கண்ணாடியில் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர் எங்கே நிற்பாரோ அந்தத் தூரத்திலிருந்து சரியாக இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

தண்டவாளத்தின் உயரமும் அப்படித்தான். நம் 60 கிலோ தண்டவாளம் 172 மில்லிமீட்டர் உயரம். 'என்' ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் வர வேண்டும். பரவலாக விற்கும் டிராக்கில் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். பக்கவாட்டில் துருப்பழுப்பு அடித்து அதை அடக்குகிறார் நண்பர். வளைவு இன்னும் மோசம். அகலப் பாதையில் மிகக் கூர்மையான பத்து டிகிரி வளைவுக்கே ஆரம் 175 மீட்டர். 'என்' ஸ்கேலில் ஒரு மீட்டர் ஒன்பது சென்டிமீட்டர். வீட்டில் இதற்கு இடம் ஏது? கால் மீட்டர் ஆரத்தில் வளைத்து, அந்த வளைவை ஒரு குன்றுக்குள் மறைத்துவிடுவார்கள். இவையெல்லாம் போதாதென்று இங்கே கடற்காற்று வேறு. பித்தளைத் தண்டவாளம் மழைக்காலத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். சக்கரத்துக்கு இரண்டரை கிராம் என்று சொன்னேன் அல்லவா, அதை இரண்டு மூன்று மடங்காக்கினாலும் அந்த எடை கறையைத் தேய்த்துக்கொண்டு போகாது. நின்றுவிடும். நிக்கல் சில்வர் தண்டவாளம் போட்டு, ஓட்டும் முன் ஸ்பிரிட் துணியால் துடைப்பதைத் தவிர வழியில்லை.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக ஒரு பரிசு கிடைக்கிறது. அது மீட்டர் கேஜுக்கு. ஆயிரம் மில்லிமீட்டரை 160-ஆல் வகுத்தால் 6.25. இஸட் டிராக் 6.5. கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 'என்' ஸ்கேல் வீடுகள், மரங்கள், மனிதர்களுக்கு நடுவே இஸட் டிராக்கைப் போட்டால் நம் மீட்டர் கேஜ் வந்து நிற்கிறது! இன்ஜினுக்கும் இஸட் டீசலின் அடிப்பகுதியை மோட்டாரோடு எடுத்துக்கொண்டு மேல்கூட்டை மட்டும் புதிதாகச் செய்யலாம். நம் மீட்டர் கேஜ் டீசல் இன்ஜினான ஒய்.டி.எம்-4 சுமார் 15.6 மீட்டர் நீளம். 1:160-ல் 97 மில்லிமீட்டர். இஸட் ஸ்கேலில் 20 மீட்டர் இன்ஜின் ஒன்று 91 மில்லிமீட்டர். உறவு எவ்வளவு நெருக்கம் பாருங்கள். அமெரிக்காவில் நாரோ கேஜ் பிரியர்கள் நெடுங்காலமாகச் செய்யும் வித்தை இது. நமக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

நண்பர் செய்ய எடுத்திருப்பது செங்கோட்டை – புனலூர் பாதை. 1904-ல் திருநெல்வேலியையும் கொல்லத்தையும் மலை தாண்டி இணைத்த தடம். 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலத்தை வலுப்படுத்தி, அதன் மீதே இன்று பெரிய வண்டிகள் போகின்றன. பாலம் சுமார் 100 மீட்டர். 1:160-ல் அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று சென்டிமீட்டர். ஒரு மேசையில் பாலம் முழுசாகக் கிடைக்கும், ஒரு கண்ணைக்கூடக் குறைக்க வேண்டாம். மீட்டர் கேஜில் அனுமதித்த மிகக் கூர்மையான வளைவுக்கு ஆரம் 109 மீட்டர். அதுவும் சுருங்கினால் 68 சென்டிமீட்டர்தான். அகலப் பாதைக்காரர்கள் குன்றுக்குள் ஒளிக்கும் வளைவை மலைப்பாதைக்காரர் நெஞ்சை நிமிர்த்திக் காட்டலாம். நம் நாட்டில் மிகச் சிறிய ஸ்கேலில் யாராவது ஒரு பாதையைச் செய்வதென்றால் காணாமல் போன மீட்டர் கேஜ் மலைப்பாதையைத்தான் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஜெர்மானியக் கிராமத்தைச் செய்ய ஜெர்மானியர் இருக்கிறார்கள். இந்த மலைப்பாதையிலுள்ள ஆரியங்காவை நாம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்?

இப்போது தடையாக இருப்பது அளவு. பாலத்துக்குப் படங்கள் கிடைக்கின்றன. எல்லோரும் பாலத்தைப் படம் எடுத்திருக்கிறார்கள். 2010-க்கு முந்தைய ஆரியங்காவு, தென்மலை, எடமண் ஸ்டேஷன்களின் பிளாட்பாரம் எவ்வளவு உயரம், தண்ணீர்த் தொட்டி எங்கே நின்றது, கேபின் ஜன்னலில் எத்தனை கண்ணாடி என்று எழுதிவைத்தவர்கள் குறைவு. அந்தப் பாதையில் வேலை பார்த்தவர்கள், அங்கே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் வீட்டில் குடும்பப் படங்கள் இருக்கும். பின்னணியில் ஒரு கதவு தெரிந்தால்கூடப் போதும். கதவின் உயரம் கிடைத்தால் அதை வைத்துச் சுவரையும், சுவரை வைத்துக் கூரையையும் அளந்துவிடுவேன் என்கிறார் நண்பர். அப்படி ஒரு படம் வைத்திருப்பவர்கள் இந்த இதழுக்கு எழுதுங்கள். படத்தை அனுப்ப வேண்டாம், பிரதி போதும். பின்பக்கத்தில் ஸ்டேஷன் பெயரும் ஆண்டும் இருந்தால் அதையும் குறித்து அனுப்புங்கள்.