டப்பிங் இசையும் தாராவி மைக் செட்டும்

2001 மே மாதம். பாப் மார்லி இறந்து 20 ஆண்டுகள் நிறைவதையொட்டி ஏஜென்சியிலிருந்து வந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றை என் மேஜையில் வைத்து, அரை மணி நேரத்தில் தமிழில் வேண்டும் என்றார்கள். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு மும்பைப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. ரெகே என்பதை 'ரெக்கே' என்று எழுதினேன். அது சிறு குற்றம். ஸ்கா என்பது ஏதோ அமைப்பின் சுருக்கப் பெயர் என்று நினைத்து 'எஸ்.கே.ஏ.' ஆக்கினேன். டப் என்று வந்த இடத்தில் 'டப்பிங் இசை' என்று போட்டதோடு நிற்காமல், வாசகருக்கு உதவும் நல்லெண்ணத்தில் 'அதாவது பின்னணிக் குரல் சேர்க்கப்பட்ட இசை' என்று விளக்கமும் தந்தேன். அப்படியே அச்சாயிற்று. ஒரு வாசகர்கூட மறுத்துக் கடிதம் எழுதவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் உறைக்கிறது.

குற்றம் எனக்குத் தெரியவர மூன்று ஆண்டுகள் ஆயின. கூட வேலை பார்த்த ஒரு பாந்த்ரா நண்பர், காப்பி போட்ட சிடி ஒன்றைக் கொடுத்தார். அகஸ்டஸ் பாப்லோவின் இசையைக் கிங் டப்பி என்பவர் கலைத்துப் போட்ட 1976-ம் ஆண்டு ஆல்பம். மான்குர்த் தாண்டி ரயில் பாலத்தில் ஏறி வாஷி வந்து சேரும்வரை காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பாட்டுக்காரர் இதோ வருகிறார் என்று தோன்றும். ஒரு சொல்லின் பாதி கேட்கும். அதுவும் எதிரொலியில் கரைந்துபோகும். பிறகு பேஸ் கிட்டாரும் டிரம்மும் மட்டும். சிடி கெட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். மறுநாள் நண்பர் சொன்னார்: "கெட்டுப்போகலை. அதுதான் டப். குரலை எடுத்துடுவாங்க."

ஆக, நான் எழுதியதற்கு நேர் எதிர்.

கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளுக்கு ஓட்டல்களில் வாத்தியக் கோஷ்டி வைத்து ஆடக் காசு கிடையாது. 1950-களில் அவர்களுக்காகத் தெருவுக்கு வந்தவை 'சவுண்ட் சிஸ்டம்'கள். பீரோ அளவு ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு மைக். காலி மனையில் பெட்டிகளை அடுக்கிவிட்டால் அன்றிரவு நடனம். செட்டுக்கு செட் போட்டி கடுமை. தான் வாங்கிவந்த இசைத்தட்டு எதுவென்று எதிராளிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அமெரிக்க ரெக்கார்டுகள் அலுத்துப்போனபோது இந்தச் செட்டுக்காரர்களே பாட்டுப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து வந்தது ஸ்கா. 1962 ஆகஸ்ட் 6-ல் ஜமைக்கா சுதந்திரம் பெற்றபோது ஊரெங்கும் ஒலித்தது அதுதான். டிரம்பெட்டும் டிராம்போனும் முண்டியடிக்கும் துள்ளல் இசை. 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது. 1968-ல் இன்னும் குறைந்து, பேஸ் முன்னால் வந்து, ரெகே ஆனது.

டப் பிறந்த கதை இன்னும் சுவையானது. 1960-களின் கடைசியில் ஒரு நாள், ஸ்டூடியோவில் இசைத்தட்டு வெட்டும்போது குரலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். வாத்தியம் மட்டும் இருந்த அந்தத் தட்டை ஒரு செட்டுக்காரர் நடனத்தில் போட, கூட்டமே வரிகளைப் பாடி நிரப்பியதாம். அதன்பிறகு தட்டின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய வடிவத்தைப் போடுவது வழக்கமாயிற்று. இரண்டாவது பாட்டுக்கான செலவு மிச்சம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர் 'வெர்ஷன்'. இந்த வெர்ஷன்களைக் கலையாக்கியவர் கிங் டப்பி. இயற்பெயர் ஆஸ்போர்ன் ருட்டக். ரேடியோ ரிப்பேர் செய்பவர். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றுவார், ஆம்ப்ளிஃபயர் கட்டுவார், சொந்த செட்டும் வைத்திருந்தார். வாத்தியம் எதுவும் வாசித்துப் பேர் வாங்கியவர் அல்ல. நான்கு டிராக் மிக்ஸர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பதிவுசெய்த பாட்டில் எதை எப்போது நிறுத்துவது, எதை எதிரொலிக்க விடுவது என்று கைவிரல்களால் தீர்மானித்தார். 1989-ல் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த விவரமெல்லாம் தேடிப் படித்தபோதுதான் எனக்குச் சற்று ஆறுதலான ஒரு தகவலும் கிடைத்தது. டப் என்ற சொல்லே டப்பிங்கிலிருந்து வந்ததுதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுப்பது என்ற பொருளில். நான் போட்ட சொல் சரி, விளக்கம்தான் தப்பு. மொழிபெயர்ப்பு வேலையில் இது அபூர்வம். பெரும்பாலும் மறுதலையாகத்தான் நடக்கும். வெர்ஷன் என்பதும் எங்கள் தொழிலின் சொல்தான். மூலத்தில் எதையெல்லாம் எடுத்த பிறகும் அது அதுவாகவே இருக்கிறது என்று பார்ப்பதில் டப்பி எங்களைவிடத் துணிச்சல்காரர். நாங்கள் ஓர் அடைமொழியை விட்டால்கூடத் தூக்கம் கெடும். அவர் வரிகள் முழுவதையும் விட்டார்.

முதல்முறை ரெகே கேட்பவருக்கு ஏதோ இடறுவது போலிருக்கும். காரணம் எளிது. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் நம் காது முதல் எண்ணிக்கையில் அடியை எதிர்பார்க்கிறது. ரெகே அதைக் காலியாக விட்டுவிடும். பெரிய டிரம் மூன்றாவதில் விழும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டும். மாட்டுங்கா சண்முகானந்தா சபாவில் தொடையில் தாளம் போட்டபடி கச்சேரி கேட்கும் மாமிகளுக்கு இது ஒன்றும் புரியாத சங்கதி அல்ல. அனாகத எடுப்பில் கை முதலில் விழுந்து, பாட்டு கொஞ்சம் தள்ளித்தான் வரும். அந்த ஒரு கணக் காத்திருப்பின் ருசி தெரிந்தவர்களுக்கு ரெகே கடினமில்லை. வித்தியாசம் என்னவென்றால், கச்சேரியில் எடுப்பில் மட்டும் நேர்வது இங்கே பாட்டு முழுக்க நீடிக்கிறது. மாட்டுங்காவில் ஒரு மாமியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, "தாளம் சரி, சுருதிதான்..." என்று இழுத்தார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

உண்மையில் நாம் ரெகேயைக் கேட்காதவர்கள் அல்ல. பெயர் தெரியாமல் கேட்டவர்கள். ரோஜாவின் (1992) 'சின்னச் சின்ன ஆசை'யில் பாடகியை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். 1996-ல் வந்த லவ் பேர்ட்ஸ் படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் 'நோ ப்ராப்ளம்' பாடிய அப்பாச்சி இண்டியன், பர்மிங்ஹாமில் ஜமைக்கர்களோடு ஒரே தெருக்களில் வளர்ந்த பஞ்சாபி. எனக்கு அப்போது 17 வயது. 'இங்கிலீஷ் பாட்டு' என்றுதான் அதை வகைப்படுத்தி வைத்திருந்தேன். அதற்கும் முந்தைய உறவு ஒன்றுண்டு. 1845 மே மாதம் முதல் கப்பல் கரை சேர்ந்ததிலிருந்து 1917 வரை 36,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் வடக்கத்தியர், சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. அவர்கள் கொண்டுபோன ஒரு சொல் அந்த ஊர் மொழியில் அப்படியே நிலைத்துவிட்டது. கஞ்சா. பெருமைப்பட ஏதுமில்லைதான். ஆனால் மார்லியின் முகம் போட்ட டி-ஷர்ட்டை லிங்கிங் ரோடில் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ரெகே பற்றித் தெரிந்ததெல்லாம் அந்தச் சொல் மட்டும்தான் என்பதே என் வருத்தம்.

இத்தனை தெரிந்த பிறகும் நான் டப்பைச் சரியாகக் கேட்டதில்லை என்று புரிந்தது தாராவியில். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாக்கள் பற்றி எழுதுவதற்காக 90 அடி சாலைப் பக்கம் போயிருந்தேன். மைக் செட் வைத்திருக்கும் ஒரு அண்ணன் தகரக் கூரை போட்ட கோடவுனில் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். அவருடைய அப்பா இங்கே தோல் பதனிடும் இடத்தில் வேலைக்கு வந்தவர். பேச்சுவாக்கில் என் பென் டிரைவில் இருந்ததைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கரில் அந்த பேஸ் வந்ததும் கூரைத் தகரம் அதிர்ந்தது. என் விலா எலும்பு அதிர்ந்தது. இத்தனை காலம் காதுக்குள் கடலைப் பருப்பு அளவு ஸ்பீக்கரைச் செருகிக்கொண்டு கேட்டது இதன் நிழல்கூட இல்லை.

"என்னம்மா, பாட்டுக்காரன் எங்க போயிட்டான்?" என்றார் அண்ணன். சற்று நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். குரல் ஒரு கணம் வந்து எதிரொலித்து மறைந்ததும் சிரித்தார். "இது பாட்டுக்காரன் செஞ்ச வேலை இல்லம்மா. செட்டுக்காரன் செஞ்ச வேலை."

டப்பி ரேடியோ மெக்கானிக் என்று சொன்னேன். அவருக்கு அதில் ஆச்சரியமே இல்லை. சின்ன வயதில் ஊரில் கோயில் கொடைக்கு வாடகைக்கு மைக் செட் எடுத்துவந்தால், கூம்புக் குழாய் எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று மேலத்தெருக்காரர்கள் வந்து சொல்லிவிட்டுப் போவார்களாம். "நம்ம பாட்டு அவுகளுக்குக் கேக்கக் கூடாதுன்னு. எங்கப்பா சொல்லுவாரு, நமக்குன்னு ஒரு செட்டு இருந்தா குழாயை நாம நெனைச்ச பக்கம் திருப்பிக்கலாம்னு." தாராவிக்கு வந்து சேர்த்த காசில் அவர் வாங்கிய முதல் பொருள் ஆம்ப்ளிஃபயர். பிறகுதான் கல்யாணம்.

ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் பற்றி ஆங்கிலத்தில் வந்த தடிப் புத்தகங்களைப் படித்திருக்கிறேன். அவை சொல்வதெல்லாம் இந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். தாராவிக்கு அந்த இசையோடு வேறொரு வழியிலும் தொடர்பு உண்டு. வெர்ஷன் மேல் மைக்கில் பேசுவதை 1970-ல் ஜமைக்காவின் பெரும் வெற்றியாக்கியவர் யூ-ராய். செட் கட்டி, மைக்கில் பேசி ஆட வைக்கும் அதே பழக்கத்தை கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் நியூயார்க்குக்குக் கொண்டுபோனதில் ஹிப்ஹாப் பிறந்தது. அதைப் பிடித்துக்கொண்ட தாராவிப் பையன்களின் டோப்அடெலிக்ஸ் குழுதான் 2018-ல் காலா படத்தில் சந்தோஷ் நாராயணனோடு பாடியது. டெல்லியில் ஸ்கா வெஞ்சர்ஸ் என்ற குழு 2009 முதல் ஸ்கா வாசிக்கிறது. அதன் பாடகர் தாரு டால்மியா சொந்தமாக ஸ்பீக்கர் செட் கட்டிப் போராட்டக் களங்களுக்கு எடுத்துப்போனார். கோவாவில் 2016-ல் ரெகே விழாவே தொடங்கினார்கள். எனக்கென்னவோ கடற்கரை விழாக்களைவிட அந்த கோடவுன்தான் பொருத்தமான இடமாகப் படுகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மார்லியின் தொகுப்பிலிருந்து வேண்டாம். அது எங்கும் தானாகவே காதில் விழும். 1972-ல் வந்த 'தி ஹார்டர் தே கம்' படத்தின் பாடல்கள் நல்ல வாசல். ஸ்காவுக்கு ஸ்கேடலைட்ஸ், ஓராண்டுக்குச் சற்று மேல்தான் முதலில் சேர்ந்திருந்தார்கள், அதற்குள் எத்தனை பதிவுகள்! பிறகு பேர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' (1975). அதைக் கேட்ட கையோடு அதன் டப் வடிவமான 'கார்வீஸ் கோஸ்ட்' (1976). மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது போல. கவிதை வாசகர்கள் லண்டனில் வாழும் ஜமைக்கக் கவிஞர் லிண்டன் க்வெசி ஜான்சனைத் தவறவிடக் கூடாது. கி.ரா. கரிசல் பேச்சை எழுத்தில் ஏற்றியது போல, இவர் தெருவின் கிரியோல் மொழியிலேயே எழுதுகிறார். 2002-ல் பெங்குவின் அதை மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் வெளியிட்டது. 'ஃபோர்சஸ் ஆஃப் விக்டரி' (1979) கேளுங்கள். அடுத்த ஆண்டே தன் கவிதைகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டு வாத்தியத்தை மட்டும் விட்ட 'எல்.கே.ஜே. இன் டப்' வந்தது. எந்தத் தமிழ்க் கவிஞர் இதற்குச் சம்மதிப்பார்? லீ பெர்ரியை மேதை என்கிறார்கள். 'சூப்பர் ஏப்' எனக்குப் பாதிக்கு மேல் தலைவலி. 1985-க்குப் பிறகு கம்ப்யூட்டர் தாளத்தில் வந்த பலவற்றில் பெண்களைப் பற்றியும் ஒருபாலுறவினரைப் பற்றியும் உள்ள வரிகளை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அங்கே மட்டும் வெர்ஷனே மேல்.

ஒரே ஒரு நிபந்தனை. போனில் கேட்காதீர்கள். வீட்டில் பெரிய ஸ்பீக்கர் இல்லையென்றால், தெரிந்த மைக் செட்காரர் யாராவது இருப்பார், பகல் வேளையில் போய்க் கேளுங்கள்.

என் பென் டிரைவை அந்த அண்ணனிடமே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த பொங்கலுக்குப் போனபோது, சாயங்காலம் ஐந்து மணிக்கு, விழாப் பாட்டுகள் தொடங்குமுன் டப்பி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் என்ன பாட்டு என்று கேட்கவில்லை. இரண்டு சிறுவர்கள் ஸ்பீக்கர் பெட்டியில் கையை வைத்து அதிர்வைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிடித்துவிட்டதா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"செட்டு டெஸ்ட் பண்ண இதைத்தாம்மா போடுறேன். எந்தப் பெட்டி கெட்டிருக்குன்னு உடனே தெரிஞ்சிருது."