ஆற்றை அளப்பவர்கள் லயத்துக்கும் வரட்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட பிறகு, புனரமைப்பு என்ற சொல் எல்லாக் கூட்டங்களிலும் கேட்கிறது. பாலம், பாதை, வீடு என்று பட்டியல் போடுகிறார்கள். அவற்றை எங்கே கட்டுவது என்று சொல்லக்கூடிய ஒரு வேலையைப் பற்றி மட்டும் தொழிலாளர் மத்தியில் பேச்சே இல்லை. ஆறு எவ்வளவு வெள்ளத்தைத் தாங்கும் என்று கணினியில் கணக்குப் பார்க்கும் வேலைதான் அது. பொறியியலாளர்களின் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது.

கணக்கு விளங்காத விஷயமல்ல. ஆற்றைக் கரைக்குக் கரை குறுக்காக அளந்து, அடிமட்டம் எங்கே, கரை எங்கே என்று குறிக்கிறார்கள். சற்றுத் தள்ளி இன்னோர் அளவு. சரிவு எவ்வளவு, கல்லும் புதரும் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கும் என்பதையும் சேர்க்கிறார்கள். பிறகு, இவ்வளவு மழை பெய்தால் தண்ணீர் எங்கே கரை மீறும் என்று வரைபடம் எடுக்கிறார்கள்.

ஆனால் புயலுக்கு முன்னிருந்த ஆறு இன்று இல்லை. மண்சரிவில் இறங்கிய மண்ணும் பாறையும் மரமும் ஓயாக்களில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. 9 அடி ஆழமான அகன்ற ஓயாவில் 3 அடிக்கு மண் நிரம்பினால், மூன்றில் ஒரு பங்குதானே போனது என்று நினைப்போம். இல்லை. ஆழம் குறையும்போது ஓட்டத்தின் வேகமும் குறைவதால், அது ஏந்தும் வெள்ளம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பழைய அளவை வைத்து வரைபடம் போட்டால், தண்ணீர் ஏறாது என்று காட்டிய இடத்திலும் தண்ணீர் ஏறும்.

களனி கங்கையைப் பாருங்கள். கொழும்பில் வெள்ளம் என்றால் நாடே பேசும். அந்த ஆறு பிறப்பது நமது மலைகளில். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனியாகிறது. கீழே மணல் அகழ்வால் ஆற்றின் அடிமட்டம் தாழ்ந்து, வறட்சிக் காலத்தில் உப்புநீர் உள்ளே ஏறுகிறது. மேலே தேயிலை மலையில் கழுவுப்பட்ட மண் ஓடைகளை மேடாக்குகிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களிலும் படிகிறது. நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்டப் பட்டியலில் களனிக்கு நாகலகம் வீதி, ஹங்வெல்ல, கித்துல்கல, நோர்வூட் என்று பெயர்கள் வரும். லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடை அதில் வராது. ஒரு மணி நேர மழையில் பொங்கி, விடியுமுன் வற்றிவிடுவது அந்த ஓடைதான்.

மண் அரிப்பு என்றதும் தொழிலாளியின் மரக்கறிப் பாத்தியைக் காட்டுவது சிலருக்குப் பழக்கம். கான் வெட்டுக்கும் கான் துப்பரவுக்கும் ஆள் போட்ட காலம் நமது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இன்று பல தோட்டங்களில் அந்த வேலைக்குப் பேர் போடுவதேயில்லை. அதை யார் கேட்பது?

ஆகவே, ஓயாக்களைப் புதிதாக அளக்கும்போது லயங்களை ஒட்டிய ஓடைகளையும் அளக்க வேண்டும். 7 பேர்ச்சஸ் காணி என்று ஓயா ஓரத்துச் சமதரையைக் காட்டினால் கவனமாக இருப்போம். மலைநாட்டில் ஓயா ஓரம் சமதரையாக இருப்பது, பெரும்பாலும் பழைய வெள்ளங்கள் மண் கொண்டுவந்து நிரப்பியதால்தான். மண்சரிவு அபாயம் பார்ப்பது போலவே வெள்ளக் கணக்கும் பார்த்த பிறகே அத்திவாரம் வெட்ட வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. வரைபடத்தில் நமது லயத்தின் மேல் சிவப்பு விழுந்தால், வேறு காணி காட்டாமல் ‘வெளியேறு’ என்று சொல்ல அதுவே சாட்டாகிவிடலாம். சிவப்பு போடும் கடதாசியிலேயே மாற்றுக் காணி எது என்பதும் எழுதப்பட வேண்டும். பாதுகாப்பான இடத்தில் தேயிலை நின்றால், தேயிலையைப் பிடுங்கிக் காணி கொடுக்கட்டும். அந்த வரைபடம் தமிழிலும் வேண்டும்.

நம்மிடமும் ஒரு வேலை இருக்கிறது. கணினிக் கணக்கு சரியா என்று பார்க்க, தண்ணீர் உண்மையில் எதுவரை வந்தது என்ற அடையாளம் தேவை. அது நமக்குத்தான் தெரியும். லயத்துச் சுவர், கோவில் படி, பிள்ளைக்காம்பரா வாசல் என்று தண்ணீர் தொட்ட மட்டத்தில் பெயின்றால் ஒரு கோடு போடுங்கள். நாள், நேரம் எழுதி, ஒரு படம் எடுங்கள். 1947 வெள்ளத்தைப் பற்றித் தாத்தா சொன்ன இடம் இருந்தால் அதையும் குறியுங்கள். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தாரும் அவற்றைச் சேர்த்து அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிரதேச செயலகத்தில் கொடுக்கும் மனுவோடு இணைப்போம்.