கடைசிப் பந்திக்காரர்கள்

வீட்டு மீன்தொட்டியில் தீனி போடுவது பெரும்பாலும் நம் கண்ணுக்காகத்தான். இரண்டு விரலால் கிள்ளித் தூவுகிறோம், டெட்ராவும் பார்பும் பாய்ந்து வந்து கொத்துகின்றன, நமக்குத் திருப்தி. தரையில் ஊரும் லோச்சுகளுக்கோ, மேலே இருப்பவை தவறவிட்டதுதான் சாப்பாடு. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு உட்கார்ந்தவர் கதிதான். அப்பளம் நமுத்திருக்கும், பாயசம் தீர்ந்திருக்கும், ரசம் மட்டும் தாராளமாக வரும்.

கடைகளில் லோச்சை ‘க்ளீனர்’ என்று சொல்லியே விற்கிறார்கள். "இதுக்குன்னு தனியா எதுவும் போட வேணாம் சார், கீழ கெடக்கறதத் தின்னு அதுபாட்டுக்கு இருக்கும்" என்பது கொளத்தூரில் நான் கேட்ட வசனம். மீனின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தாலே இந்த வசனம் நிற்காது. வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மீசைகளில் ருசி அறியும் மொட்டுகள் இருக்கின்றன. மணலுக்குள் மறைந்திருக்கும் புழுவை இருட்டிலும் தடவிக் கண்டுபிடிக்கிற முகம் அது. மணலோடு வாயில் அள்ளி, இரையை மட்டும் நிறுத்திக்கொண்டு, மணலைச் செவுள் வழியே வெளியே தள்ளிவிடும். நம்மூர் அயிரையும் லோச் வகைதான். மதுரைப் பக்கம் குழம்பு வைக்கும் முன் அயிரையை உயிரோடு பாலில் விடுவது, உள்ளே இருக்கும் மண்ணைக் கக்க வைப்பதற்குத்தான்.

இப்படிப்பட்ட மீனுக்கு ஏற்ற தீனி, தரைக்குப் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு கரையாமல் கிடக்க வேண்டும். தூள் தீனி பாதி வழியிலேயே பறிபோகும். மூழ்கும் பெல்லட் தரையைத் தொடும். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஊறி உப்பி உதிர்ந்து, மணலுக்குள் இறங்கி அழுகி, தண்ணீரில் அமோனியாவை ஏற்றும். இரவில் வெளியே வருகிற கூலி லோச் வந்து சேர்வதற்குள் அது சேறாகிவிடும். ஜெல்லி போல உறைய வைத்த ஜெல் தீனியின் அருமை இங்கேதான் தெரிகிறது. வெட்டிய துண்டு கல்லாட்டம் மூழ்கி, மணிக்கணக்கில் உருக்குலையாமல் கிடக்கும். நாலைந்து கிளவுன் லோச் ஒரு துண்டைச் சூழ்ந்துகொண்டு முட்டி மோதிப் பிய்க்கும்போது, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே ‘டிக், டிக்’ என்று சொடுக்குப் போடும் சத்தம் கேட்கும். அந்த மீன் வயிறாரச் சாப்பிடுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

வெந்நீரில் கலக்கினால் உறைகிற பொடியாக ரெபாஷி போன்ற வெளிநாட்டுத் தயாரிப்புகள் கிடைக்கின்றன. நல்லவைதான், விலைதான் கையைக் கடிக்கும். வீட்டிலேயே செய்யலாம். முதல் கேள்வி, எதைக் கொண்டு உறைய வைப்பது? வெளிநாட்டுச் செய்முறைகள் பலவற்றில் ஜெலட்டின் இருக்கும். குளிர்நாட்டு அறைக்கு அது சரி. சென்னைக் கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் துண்டு கொழகொழத்துப் போகும். நமக்குத் தோது கடல்பாசி. நோன்பு மாதத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றி வில்லை போடுவார்களே, அதே பொருள்தான். 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே உறையும். உறைந்தது மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும்.

100 மில்லி தண்ணீருக்கு ஒன்று அல்லது ஒன்றரை கிராம் கடல்பாசித் தூள் போதும். அது மீனுக்குச் செரிக்காத நார், அதனால் தாராளம் கூடாது. தோலுரித்த இறாலை வேகவைத்து, பட்டாணியும் கொஞ்சம் கீரையும் சேர்த்து விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். இறாலை வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. பச்சை இறாலிலும் பல மீன்களிலும் உள்ள தயமினேஸ் என்ற நொதி, பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். சூடு பட்டால் அந்த நொதி செயலிழக்கும். கடல்பாசி நன்றாகக் கொதித்துக் கரைந்ததும், விழுதை வெதுவெதுப்பாக அதில் சேர்த்துக் கலக்க வேண்டும். குளிர்ந்த விழுதைக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். ஸ்பைருலினா, வைட்டமின் எல்லாம் சூடு தணிந்த பிறகு, உறைவதற்குச் சற்று முன்பு. தட்டில் ஊற்றி, ஆறியதும் கத்தியால் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டலாம். அந்த வாரத்துக்கானது ஃப்ரிட்ஜில், மீதி ஃப்ரீசரில். டப்பாவின் மேல் ‘மீனுக்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுவது வீட்டு அமைதிக்கு நல்லது.

இந்தக் கடல்பாசி வெகு தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவில் பாம்பன் பகுதிப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் பறித்து வந்திருக்கிறார்கள். அதைக் கடல்பாசியாகக் காய்ச்சும் ஆலைகள் மதுரைப் பக்கம் இருக்கின்றன. சுமத்ரா, போர்னியோ ஆறுகளைச் சேர்ந்த கிளவுன் லோச்சுக்கு நம்ம ராமநாதபுரத்துக் கடல் விருந்து வைக்கிறது.

வியட்நாமிலிருந்து வரும் செவெல்லியா போன்ற ஓடை லோச்சுகளுக்குத் துண்டு போட்டால் போதாது. வேகமான ஓடையில் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டு, அதன் மேல் படரும் பாசியையும் நுண்ணுயிர்களையும் சுரண்டித் தின்பவை அவை. கூழாங்கல்லைக் கழுவித் துடைத்து, சூடான ஜெல்லில் ஒருமுறை முக்கி எடுங்கள். ஆறியதும் கல்லின் மேல் மெல்லிய ஏடு படிந்திருக்கும். கல்லை அப்படியே தொட்டியில் வைத்துவிட்டால், மீன் தன் பழக்கப்படி அதன்மேல் ஒட்டிக்கொண்டு மேயும்.

ஜெல் துண்டை விளக்கணைத்த பிறகு போடுங்கள், மேலே உள்ளவை அடங்கியிருக்கும். விடிந்தும் மிச்சம் கிடந்தால் எடுத்துவிடுங்கள்; உருக்குலையாத துண்டு என்பதால் எடுப்பதும் சுலபம். வயிறு ஒட்டிய புது மீனுக்குக் குடற்புழு மருந்து தேவைப்பட்டால், விவரம் தெரிந்தவர் சொல்லும் அளவில் ஜெல்லிலேயே கலந்து ஊட்டலாம். மருந்து பெரும்பாலும் வயிற்றுக்குப் போகும், தொட்டி முழுவதற்கும் ஊற்ற வேண்டியதில்லை.

பலர் லோச் வாங்குவது தொட்டியில் பெருகிவிட்ட நத்தையை ஒழிக்கத்தான். ஒழித்தும் கொடுக்கும். ஆனால் விரல் நீளத்தில் வாங்கிவரும் கிளவுன் லோச் ஓரடி வரை வளரக்கூடியது, 20 வருடத்துக்கு மேலும் வாழும். நத்தைகளோ சில வாரத்தில் தீர்ந்துவிடும். மிச்ச வருடங்களுக்கு அதன் சாப்பாடு என்ன என்று யோசித்துவிட்டு, அப்புறம் கடைக்காரரிடம் விலை கேளுங்கள்.