மேலே காய்ந்தால் போதாது



இம்முறை ஒரு வானின் கதையைச் சொல்லப் போகிறேன். "வாகனக் கதை எங்களுக்கு என்னத்துக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும் ஓட்டோ ஓட்டுவதும் எம்மில் சிலருக்குச் சோறு போடும் தொழில்கள்.

கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை நிமித்தம் போய்வரும் கிராமத்தில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவனை இழந்தவர். முகாமிலிருந்து திரும்பி, கோழி வளர்த்து, இடியப்பம் அவித்து விற்று, கடைசியில் லீசிங்கில் ஒரு பழைய வான் எடுத்தார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் அந்த வானுக்குள் வெள்ளம் ஏறி, சீற்றின் கால்வரை நின்றது.

தண்ணீர் வடிந்ததும் அக்கா சேற்றைக் கூட்டித் தள்ளி, ஒருநாள் கதவுகளைத் திறந்து வெயிலில் விட்டார். காபெட் மேலே காய்ந்துவிட்டது. பூட்டி வைத்தார். பாடசாலை மீண்டும் தொடங்கியபோது எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, வானுக்குள்ள ஒரு நாத்தம். பிள்ளையள் மூக்கைப் பொத்துதுகள்."

பட்டம் படித்த நான் சொன்ன புத்தி என்ன தெரியுமா? வாசனைப் போத்தல் ஒன்று வாங்கிக் கொழுவச் சொன்னேன். அடுத்த கிழமை இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே இழுப்பு இருந்ததாம். அந்த மாத லீசிங் காசு எனக்கும் நித்திரையைக் கெடுத்தது.

இருவருமாக ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த பெரியவர் எங்களைப் பார்த்து, "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?" என்றார். அக்கா தயங்கவில்லை. "இல்லை அண்ணை. நான்தான் ஓடுறன். எனக்கே காட்டித் தாங்கோ" என்றார். அவரும் பிறகு முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் காட்டித் தந்தார்.

அவர் காபெட்டின் ஓரத்தைக் கிளப்பினார். கீழே கம்பளி போன்ற தடித்த விரிப்பு ஒன்று. கையால் அழுத்த, கறுத்த தண்ணீர் வழிந்தது. அதற்கும் கீழே தகரம் சிவக்கத் தொடங்கியிருந்தது. நாற்றம் அங்கேதான் இருந்தது. நனைந்த துணியில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். இழுப்புள்ள பிள்ளைக்கு அது கூடாது.

அவர் சொன்னதையும் நாங்கள் செய்ததையும் ஒழுங்காகத் தருகிறேன்.

உள்ளே வெள்ளம் ஏறிய வாகனத்தை உடனே ஸ்ராட் பண்ணக் கூடாது. முதலில் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள். வயர்கள் காபெட்டுக்குக் கீழாலும் ஓடும். சீற்றின் கீழ் மஞ்சள் நிற வயர் பூட்டு இருந்தால் அது காற்றுப்பைக்கு உரியது. அதில் கைவைக்காமல் கராஜில் காட்டுங்கள்.

வெள்ளத் தண்ணீரில் மலசலகூடக் கழிவும் எலி மூத்திரமும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் வரக்கூடும். கையுறையும் சப்பாத்தும் போடாமல் தொடாதீர்கள்.

பிறகு சீற்றுகளைக் கழற்றி, காபெட்டை வெளியே எடுங்கள். நல்ல தண்ணீரில் சவர்க்காரத் தூள் கரைத்துத் தேய்த்து, நுரை போகும்வரை அலசி, கொடியில் இருபக்கமும் காற்றுப்படப் போடுங்கள். வெள்ளத்தில் ஊறிய அடிவிரிப்பை எறிந்துவிடுவதே நல்லது. அதைக் காயவைத்தாலும் உள்ளே ஊறிய அழுக்குப் போகாது. ப்ளீச்சையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

தகரத்தைத் துடைத்து, கதவுகளைத் திறந்து, மேசை மின்விசிறி ஒன்றை உள்ளே விடுங்கள். வெயிலைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம். கறள் பிடித்த இடத்தை அரத்தாளால் தேய்த்து, கறள் தடுக்கும் பெயின்ற் பூசுங்கள்.

காய்ந்ததா என்று பார்க்க, காபெட்டின் மேல் ஒரு பழைய பத்திரிகைத்தாளை வைத்துப் பாரமான பொருளால் சிறிது நேரம் அழுத்துங்கள். தாள் ஈரமானால் இன்னும் பொறுக்க வேண்டும். முழுதாகக் காய்ந்தபின் அப்பச்சோடாவைத் தூவி, ஓர் இரவு விட்டுத் தட்டிவிட்டால் மிச்ச மணமும் குறையும்.

வெள்ளம் வராமலே காபெட் நனைந்தால், தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிக்காமல் காயவைத்துப் பயனில்லை. கதவு றப்பர், முன்கண்ணாடி ஓரம், ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

அக்காவுக்கு ஐந்து நாள் எடுத்தது. அந்த ஐந்து நாளும் ஓட்டமில்லை, வருமானமில்லை. பிறகு அவரே பெற்றோரின் வீடு வீடாகப் போய், "வந்து உள்ளே ஏறிப் பாருங்கோ" என்று கூப்பிட்டார். நின்ற இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்தது. இழுப்புள்ள பிள்ளை வரவில்லை. தாயைக் குறை சொல்ல முடியாது.

நான் வாசனைப் போத்தலைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா சிரித்தார். "நீயும் ஆர் கேட்டாலும் எல்லாம் சரியெண்டுதானே சொல்லுவாய் பிள்ளை. இனி முதல்ல கிளப்பிப் பார்."

அந்தச் சொல்லை நான் வேலைக்குப் போகும் வீடுகளுக்கும் கொண்டுபோகிறேன். "சுகமாக இருக்கிறன்" என்று ஒரு சகோதரி சொன்னால், உடனே எழும்பி வராமல் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து கதைக்கிறேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.