பெயர் ஒன்று, இலக்கம் வேறு



ஒரே வகுப்பில் இரு கண்ணன்கள் இருந்தால் ஆசிரியர் என் செய்வார்? இடாப்பிலுள்ள இலக்கத்தைக் கூறி அழைப்பார். கணினியும் அவ்வழியையே கைக்கொள்கிறது. நிரலொன்று ஓடத் தொடங்கியதும் இயங்குதளம் அதற்கு ஓர் இலக்கம் வழங்குகிறது. அதனையே செயன்முறை அடையாள இலக்கம் என்பர், சுருக்கமாக, பி.ஐ.டி.

இதன் தேவை எப்பொழுது எழும்? பைதான் மொழியில் நீங்கள் எழுதிய இரு நிரல்கள் ஓடுகின்றன என்று கொள்வோம். ஒன்று முடிவின்றிச் சுழல்கிறது. மற்றதோ இரண்டு மணி நேரம் கணக்கிட்டு விடையை அண்மித்துவிட்டது. பட்டியலில் இரண்டின் பெயரும் பைதான் என்றே இருக்கும். பெயரை மட்டும் நம்பி நிறுத்தினால், நல்ல நிரலின் உழைப்பும் பாழாகும் அன்றோ?

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மானேஜர் தோன்றும். அதன் டீடெயில்ஸ் பகுதியில் பெயருக்கருகே இலக்கம் காணப்படும். நிரலை ஓடவைத்த முழுக் கட்டளையையும் காட்டும் நிரலையும் அங்கு சேர்த்துக்கொள்ளலாம். எது எவருடையது என்பது அதனால் விளங்கும்.

லினக்ஸ், மாக் இரண்டிற்கும் வழி ஒன்றே. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யூனிக்ஸின் மரபை இரண்டும் பின்பற்றுவதே காரணம். டெர்மினலைத் திறந்து, சிறிய ஆங்கில எழுத்துக்களில் பீ, எஸ் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஏ, யூ, எக்ஸ் என்று தட்டுக. வரும் பட்டியலில் இரண்டாவதாக இருப்பது இலக்கம். இறுதியில் இருப்பது கட்டளை.

இரு எச்சரிக்கைகள். லினக்ஸிலும் மாக்கிலும் 1ஆம் இலக்கம், ஏனைய யாவற்றையும் தொடக்கிவைக்கும் முதல் நிரலுக்குரியது; விண்டோஸில் 4ஆம் இலக்கம் இயங்குதளத்துக்கே உரியது. அவற்றைத் தீண்டற்க.

மற்றொன்று: இலக்கம் நிரல் ஓடும் வரைக்குமே அதற்குச் சொந்தம். நிரல் முடிந்தபின் அதே இலக்கம் வேறொன்றிற்குப் போய்ச் சேரலாம். சென்ற ஆண்டு இடாப்பை வைத்து இவ்வாண்டு மாணவனைத் தண்டிக்கலாமா? ஆதலால் காலையிற் குறித்த இலக்கத்தை மாலையில் நம்பாதீர்கள். நிறுத்துமுன் பட்டியலை மீண்டும் எடுத்து, பெயரும் கட்டளையும் இலக்கமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஒரு நிமிட நிதானம் இரண்டு மணி நேர உழைப்பைக் காக்கும்.